அடுத்த மூட் கோர்ட்டை ஊட்டி மைதானத்துக்குக் கொண்டு வாருங்கள்: சட்டக் கல்லூரிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுச் சட்டக் கல்லூரிகளின் மூட் கோர்ட் (கற்பனை வழக்கில் மாணவர்கள் வாதாடும் போட்டி) குழுக்களில் உள்ள மாணவர்களுக்கும், அவர்களுக்குத் துணை நிற்கும் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம். நான் குன்னூரிலும் ஊட்டியிலும் வழக்கு நடத்தும் வழக்கறிஞர். சர்வதேச விளையாட்டுச் சட்டம் பற்றிய மூட் போட்டிகளுக்கு நீங்கள் கூப்பிட்டபோதெல்லாம் மலை இறங்கி வந்து நடுவர் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். உங்கள் அடுத்த விளையாட்டுச் சட்டப் போட்டியை ஊட்டியில் நடத்துங்கள். அதில் ஒரு சுற்று தமிழில் இருக்கட்டும். வாதம் செய்யும் சுற்றாக இல்லாமல், கட்சிக்காரர் எதிரில் உட்கார்ந்து அவரிடம் விவரம் கேட்டு வாங்கும் சுற்றாக இருக்கட்டும்.

உங்கள் உழைப்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு தரப்புக்கும் மெமோரியல் என்னும் எழுத்து வாதத்தை எழுதி, ஒரே வழக்கைக் காலையில் வீரர் பக்கமும் மாலையில் விளையாட்டுச் சம்மேளனத்தின் பக்கமும் நின்று வாதாடுகிறீர்கள். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருக்கும் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்தின் விதித்தொகுப்பு உங்களுக்கு மனப்பாடம். விதி 57 என்றால் என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும், வழக்கின் சங்கதிகளையும் சட்டத்தையும் முதலிலிருந்து புதிதாக விசாரிக்கும் அதிகாரம் என்று சொல்லிவிடுவீர்கள். மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் வழக்கை வைத்து ஒரு மாணவி வாதாடியதைக் கேட்டேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 கிராம் எடை கூடியதற்காக இறுதிப் போட்டியையும் பதக்கத்தையும் இழந்தவர் வினேஷ். விதியின் விளைவு மிகக் கடுமையானது என்று ஒப்புக்கொண்ட அதே நடுவர், விதியைத் தளர்த்தத் தனக்கு வழியில்லை என்று மனுவைத் தள்ளுபடி செய்ததை அந்த மாணவி வரிவரியாகப் பிரித்துக் காட்டினார். எங்கள் கோர்ட்டில் மூத்தவர்கள் பலரிடம்கூட நான் கேட்டிராத தெளிவு அது.

ஆனால் நான் வழக்கமாகக் கேட்கும் ஒரு கேள்வியில் நல்ல அணிகளே தடுமாறிப் போகின்றன. “உங்கள் கட்சிக்காரர் கையில் சம்மேளனத்தின் முடிவு எந்தத் தேதியில் கிடைத்தது?” உடனே பக்கங்களைப் புரட்டுவார்கள். மூட் பிரச்சினையின், அதாவது போட்டிக்குத் தரும் கற்பனை வழக்கின், கடைசிப் பத்தியில், மேல்முறையீடு உரிய காலத்தில் தாக்கல் செய்யப்பட்டது என்று ஒரு வரி இருக்கும். அதைக் காட்டிவிட்டு அடுத்த வாதத்துக்குப் போய்விடுவார்கள்.

நிஜத்தில் எல்லாம் அந்த ஒரு வரிக்குள்தான் நடக்கிறது. சம்மேளனத்தின் விதியில் வேறு கெடு சொல்லப்படாவிட்டால், முடிவு கையில் கிடைத்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் லோசானுக்கு மேல்முறையீட்டு அறிக்கை போய்ச் சேர வேண்டும். அதோடு 1,000 சுவிஸ் பிராங்க் கட்டணம். அந்தக் கெடு முடிந்து அடுத்த 10 நாளில் விரிவான மனு. எல்லாம் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ ஸ்பானிஷிலோ இருக்க வேண்டும். பணமில்லாதவர்களுக்கு அந்த மன்றத்திலேயே சட்ட உதவி நிதி இருக்கிறது. கட்டணமில்லாமல் வாதாடும் வழக்கறிஞர்களின் பட்டியலும் இருக்கிறது. ஆனால் விண்ணப்பம் போட்டுக் கேட்டால்தான் கிடைக்கும். கோத்தகிரியிலோ பந்தலூரிலோ தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு இதையெல்லாம் யார் சொல்வது? ஆங்கிலத்தில் வரும் மின்னஞ்சலைப் பள்ளியின் பி.டி. மாஸ்டரிடம் காட்டி, அவர் ஊரில் தெரிந்த ஒருவரிடம் காட்டி, அப்புறம் யாரோ ஒரு வக்கீலிடம் வந்து சேரும்போது அந்த 21 நாளில் பாதி போயிருக்கும்.

சாந்தி சௌந்தரராஜனைத் தமிழ்நாட்டில் தெரியாதவர் கிடையாது. புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமத்திலிருந்து போய் 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனையின் பேரில் பதக்கம் பறிக்கப்பட்டது. லோசான் மன்றம் அப்போது இருபது வருடங்களுக்கு மேலாக இயங்கிக்கொண்டிருந்தது. 1984-இல் தொடங்கியது அது. சாந்தியின் வழக்கு அங்கே போகவே இல்லை. எட்டு வருடம் கழித்து, 2014-இல், ஒடிசாவின் ஓட்டக்காரி டூட்டி சந்த் என்பவரைக் காமன்வெல்த் போட்டிக்கான அணியிலிருந்து இதே மாதிரியான காரணத்துக்காக நீக்கினார்கள். அவரைச் சுற்றி விவரம் தெரிந்தவர்கள் நின்றார்கள், கனடாவைச் சேர்ந்த வழக்கறிஞர்கள் கட்டணம் வாங்காமல் வழக்கை எடுத்தார்கள், மேல்முறையீடு லோசானுக்குப் போனது. 2015 ஜூலையில் மன்றம் அவரை நீக்கக் காரணமான விதிகளையே நிறுத்தி வைத்தது. அடுத்த வருடம் டூட்டி ரியோ ஒலிம்பிக்கில் ஓடினார். 2006-இல் சாந்தி போயிருந்தால் ஜெயித்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. மேல்முறையீடு என்ற பேச்சு தொடங்க, பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை உருவாக்கும் இடம் உங்கள் கல்லூரிதான்.

இப்போது ஊட்டிக்கு வருகிறேன். எச்.ஏ.டி.பி. மைதானத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர் இது. காற்றில் பிராணவாயு குறைவு என்பதால், இங்கே பயிற்சி எடுத்துவிட்டுக் கீழே போய் ஓடினால் மூச்சு தாங்கும் என்று சமவெளியிலிருந்து ஓட்டக்காரர்கள் வருகிறார்கள். வந்த முதல் வாரத்திலேயே பாதிப் பேருக்குச் சளி பிடிக்கும். ஜூன், ஜூலையில் காற்றும் சாரலும் சேர்ந்தால் உள்ளூர்ப் பிள்ளைகளும் இருமிக்கொண்டேதான் ஓடுவார்கள். நேரே மெடிக்கல் ஷாப்புக்குப் போய் “அண்ணா, இருமலுக்கு ஏதாவது குடுங்க” என்று கேட்டு ஒரு சிரப் வாங்கிக் குடிப்பது இங்கே மிகச் சாதாரணம். நம் நாட்டில் விற்கும் இருமல் சிரப்புகள் பலவற்றின் பின்புறம் பொடி எழுத்தில் டெர்பியூட்டலின் என்று இருக்கும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் அது இருக்கிறது. போட்டி நாள், பயிற்சி நாள் என்ற வித்தியாசமே இல்லாமல் எப்போதும் தடை. அதே வேலையைச் செய்யும் சால்பியூட்டமாலை இன்ஹேலரில் இழுத்தால், 24 மணி நேரத்துக்கு 1,600 மைக்ரோகிராம் வரை சில நிபந்தனைகளோடு அனுமதி உண்டு. இந்த வித்தியாசம் கடைக்காரருக்கும் தெரியாது, ஓடுகிற பிள்ளைக்கும் தெரியாது.

இதில் மாட்டிக்கொண்ட ஒருவர் உங்கள் முன் உட்கார்ந்தால் என்ன கேட்பீர்கள்? உடம்பில் இருந்தது என்றாலே பொறுப்பு வீரருடையது, யார் கொடுத்தார் என்பது அப்புறம்தான். இந்தச் சட்டம் உங்களுக்குத் தெரியும். 2011-இல் இந்தியாவின் 400 மீட்டர் ஓட்டக்காரிகள், பயிற்சியாளர் கொடுத்த ஜின்செங்கில்தான் கலப்படம் இருந்தது என்று சொன்னார்கள். இந்தியாவில் ஓராண்டு தடை விதித்தார்கள். சர்வதேச சம்மேளனம் மேல்முறையீடு செய்ய, 2012 ஜூலையில் லோசான் அதை இரண்டு ஆண்டாக்கியது. டெர்பியூட்டலின் மாதிரியான பொருளுக்கு, வேண்டுமென்று எடுத்ததாக எதிர்த்தரப்பு நிரூபிக்காவிட்டால் இரண்டு ஆண்டு. வீரரின் தவறு பெரிதல்ல என்று காட்டிவிட்டால் வெறும் கண்டிப்போடுகூட முடியலாம். கண்டிப்புக்கும் இரண்டு ஆண்டுக்கும் நடுவே ஓர் ஓட்டக்காரியின் மொத்த வாழ்க்கையும் இருக்கிறது. அது எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சில சின்னச் சங்கதிகள் முடிவு செய்யும். அந்த பாட்டில் இன்னும் வீட்டில் இருக்கிறதா? கடையில் பில் போட்டார்களா? டாக்டர் சீட்டு உண்டா? சிறுநீர் மாதிரி எடுத்த அன்று நிரப்பிய படிவத்தில், கடைசி ஏழு நாளில் சாப்பிட்ட மருந்து என்ன என்று கேட்கும் இடத்தில் அந்தப் பெண் என்ன எழுதினாள்? அவளே எழுதினாளா, வேறு யாராவது நிரப்பிக் கொடுத்தார்களா? இதில் எதையும் லோசான் தீர்ப்புத் தொகுப்பில் தேடி எடுக்க முடியாது. அந்தப் பெண்ணிடம்தான் கேட்க வேண்டும். பயந்து போய் உட்கார்ந்திருப்பவளிடம், அம்மாவும் பக்கத்தில் அழுதுகொண்டிருக்கும்போது, தமிழில் கேட்க வேண்டும்.

இருப்பிடத் தகவல் விதியும் அப்படித்தான். ஊக்கமருந்துச் சோதனைப் பட்டியலில் உள்ள வீரர் தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்பார் என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். 12 மாதத்தில் மூன்று முறை தவறினால் அதுவே குற்றம். கதவு எண் இல்லாத லைன் வீடும், சிக்னல் வந்து வந்து போகும் கூடலூர்ப் பக்கத்து எஸ்டேட்டும் இந்த விதியை எழுதியவர்கள் மனதில் இருந்திருக்காது. மூட் பிரச்சினை எழுதும் உங்கள் மனதில் இருக்கலாமே.

நான் கேட்கும் சுற்று இப்படி இருக்கட்டும். போட்டிக்கு முதல் நாள், ஒவ்வோர் அணிக்கும் 20 நிமிடம். எதிரில் ஒரு விளையாட்டு வீரர் கட்சிக்காரராக உட்காருவார். அவர் சொல்லப்போவது நீங்கள் எழுதிக் கொடுத்த கற்பனைக் கதைதான். தன் சொந்தக் கதையை யாரும் மேடையில் சொல்ல வேண்டியதில்லை, அதில் கண்டிப்பாக இருங்கள். சங்கதிகளில் பாதி மூட் பிரச்சினையில் அச்சாகியிருக்கும், மீதி அவரிடம் மட்டும் இருக்கும். கேட்டால் சொல்வார், கேட்காவிட்டால் சொல்ல மாட்டார். கேட்டு வாங்கிய சங்கதியை மட்டுமே மறுநாள் வாதத்தில் பயன்படுத்தலாம். பாட்டிலைப் பற்றிக் கேட்க மறந்த அணிக்கு மறுநாள் பாட்டில் கிடையாது. அன்று ராத்திரியே மேல்முறையீட்டு அறிக்கையையும் சட்ட உதவி விண்ணப்பத்தையும் எழுதித் தர வேண்டும். அடுத்த நாள் வாதம் எப்போதும் போல ஆங்கிலத்தில் நடக்கட்டும். விளையாட்டு வீரரும் மதிப்பெண் போடட்டும். என் வழக்கு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று எனக்குப் புரியும்படி சொன்னார்களா என்பது ஒன்றை மட்டும் பார்த்து அவர் போடும் மதிப்பெண், நடுவர்கள் போடுவதற்குக் குறையாத எடையோடு இருக்க வேண்டும்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. பார் கவுன்சிலின் பாடத்திட்டத்தில் மூட் கோர்ட் தாளை எடுத்துப் பாருங்கள். 100 மதிப்பெண்ணில் மூட் வாதத்துக்கு 30, விசாரணைகளை நேரில் பார்த்து எழுதுவதற்கு 30, கட்சிக்காரரிடம் விவரம் கேட்பதற்கும் வழக்குக்கு முந்தைய தயாரிப்புக்கும் 30, மீதி 10 வாய்மொழித் தேர்வு. வாதத்துக்கும் விசாரிப்புக்கும் சம மதிப்பு கொடுத்திருக்கிறார்கள். போட்டி என்று வந்ததும் நாம் வாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். விசாரிப்பு ரெக்கார்டு நோட்டில் எழுதி ஒப்படைக்கும் வேலையாகச் சுருங்கிவிட்டது.

சர்வதேச மன்றத்தில் தமிழுக்கு இடமில்லையே, பிறகு எதற்குத் தமிழ்ச் சுற்று என்று ஒரு கல்லூரியில் கேட்டார்கள். லோசானில் இடமில்லை, உண்மை. ஆனால் லோசானுக்குப் போகிற ஒவ்வொரு தாளும் யாரோ ஒருவர் தன் தாய்மொழியில் சொன்ன கதையிலிருந்து எழுதப்படுகிறது. அந்தக் கதையைத் தப்பாக வாங்கினால் ஆங்கிலம் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை. இன்னொரு நன்மையும் உண்டு. தமிழ் வழியில் படித்து வந்து, மூட் அணித் தேர்வில் ஆங்கில உச்சரிப்புக்காகவே ஒதுக்கப்படும் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். எங்கள் மலையிலிருந்து வருபவர்களில் இப்படிப்பட்டவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். நீலகிரியில் அரசு சட்டக் கல்லூரி கிடையாது. வக்கீலாக ஆசைப்பட்டால் கோயம்புத்தூருக்கோ அதையும் தாண்டியோ போகத்தான் வேண்டும். தோட்டத்துப் பெண்களோடும் படுகர் ஊர்களிலும் பேசிப் பழகிய அந்தப் பிள்ளைகள், ஒருவரைப் பேச வைத்து விஷயத்தை வாங்குவதில் கெட்டிக்காரர்கள். அந்தத் திறமைக்கு இன்றுவரை எந்த மூட் போட்டியிலும் மதிப்பெண் கிடையாது. பதிவுக் கட்டணமும் அவர்களைத் தடுக்கிறது. அரசுக் கல்லூரி அணிகளுக்கு அதைத் தள்ளுபடி செய்யுங்கள்.

வேலை காத்திருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். 2022-இல் தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் வந்தது. 2025 ஆகஸ்டில் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம் வந்து, விளையாட்டு வழக்குகளுக்கென்றே ஒரு தேசியத் தீர்ப்பாயத்தை அமைக்க வழி செய்தது. இனி அணித் தேர்வு, சங்கத் தேர்தல் என்று உள்ளூர்த் தகராறுகளுக்கும் விளையாட்டுச் சட்டம் தெரிந்த வக்கீல் வேண்டும். இதுவரை இந்தத் துறை டெல்லியிலும் மும்பையிலும் சில அலுவலகங்களுக்குள்ளேயே இருந்தது.

ஸ்நூக்கர் ஆட்டத்தின் விதிகளை 1880களில் எழுதி வைத்தது ஊட்டி கிளப்பில்தான். விளையாட்டுக்கு விதி எழுதிய ஊரில் விளையாட்டுச் சட்டம் பேசுவது பொருத்தமில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நடைமுறை விஷயங்கள் கொஞ்சம். ஏப்ரல், மே வேண்டாம். சீசன் கூட்டம், அறை வாடகை எட்டாது. அக்டோபர், நவம்பரில் மழைக்கு ரோட்டில் மண் சரியும். பிப்ரவரி நடுவில் வையுங்கள்: உறைபனி குறைந்திருக்கும், வெயில் இருக்கும், மைதானத்தில் காலைப் பயிற்சியும் நடக்கும். விசாரிப்புச் சுற்றுக்குப் பெரிய அரங்கம் தேவையில்லை, நாலைந்து வகுப்பறை போதும். அதை நானும் என் சக வழக்கறிஞர்களும் பேசி முடிக்கிறோம். மைதானத்தில் பயிற்சி தரும் இருவரிடம் கேட்டுவிட்டேன், வீரர்களை அழைத்து வரச் சம்மதித்தார்கள். அதற்கு அவர்கள் கேட்டது ஒன்றுதான்: போட்டி முடிந்ததும், மாணவர்கள் ஒரு மணி நேரம் இருந்து, மருந்துக் கடையில் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மூட் பிரச்சினை எழுதத் தொடங்கும் முன் எனக்கு எழுதுங்கள், இருமல் சிரப் அட்டைகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன், அனுப்புகிறேன்.

அன்புடன்,
குன்னூரிலிருந்து ஒரு வழக்கறிஞர்