ட்ரெட்மில்லைக் காயலான் கடைக்குப் போடுமுன்

கோயம்புத்தூர்,
12.1.2025

அன்புள்ள சீனிவாசனுக்கு,

நலம், உன் நலமும் தங்கச்சி, குழந்தைகள் நலமும் அறிய ஆவல். நாளை போகி என்பதால் இங்கே வீட்டில் பரணை ஒழித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கடிதம் திருவான்மியூருக்கு வந்து சேருமுன் போகி கடந்துவிடும் என்பதனால்தான் நேற்றுத் தொலைபேசியில் "அதை வெளியே போட்டுவிடாதே" என்று மட்டும் சொல்லி வைத்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இப்போது விரிவாக எழுதுகிறேன்.

உன் ட்ரெட்மில்லைப் பார்க்க வந்தவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, மோட்டார் போய்விட்டது, மாற்றப் பதினோராயிரம் ஆகும், அதற்குப் பழையதை மூவாயிரத்துக்குத் தள்ளிவிட்டு நாற்பத்திரண்டாயிரத்தில் புதியது வாங்குவதே மேல் என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். அவர் மோட்டாரின் மூடியைக்கூடத் திறக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். முப்பது ஆண்டுகள் நூற்பாலையில் ஸ்பிண்டில் டேப்பையும் பேரிங்கையும் கட்டி மேய்த்த நாம் இருவரும், வீட்டிலிருக்கும் ஒரு பெல்ட்டும் இரண்டு உருளையும் ஒரு மோட்டாரும் கொண்ட சின்ன மெஷினைக் கண்டு இப்படி மிரளலாமா? ஆலையில் எண்ணெய் போடும் நாள் தவறினால் மேஸ்திரியை உண்டு இல்லை என்று ஆக்கிய நீ, 2020 ஊரடங்கில் வாங்கிய ட்ரெட்மில்லுக்கு இன்றுவரை ஒரு சொட்டு எண்ணெய் விடவில்லை என்று எழுதியதைப் படித்துச் சிரித்தேன். ஆனால் சிரிக்கும் தகுதி எனக்கு இல்லை. என் கதையை முதலில் கேள்.

நானும் அதே ஆண்டு, அதே போன்ற மலிவு விலை மெஷின் ஒன்றை வாங்கினேன். இரண்டு ஆண்டு கழித்து, நடக்கும்போது பெல்ட் கரகரவென்று இழுப்பதைக் கவனித்து, அதற்கென்று விற்கும் சிலிகோன் எண்ணெய் சிறு குப்பிக்குச் சொல்லும் விலையைப் பார்த்து மனம் வராமல், சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெயை எடுத்துப் பெல்ட்டுக்கு அடியில் தாராளமாக விட்டேன். ஒரு மாதம் வெண்ணெய்போல ஓடியது. பிறகு மார்கழி வந்தது. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும் என்பது குளியலறைக் குப்பியைப் பார்த்த எவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஆனால் அந்த விடியற்காலையில் நினைவுக்கு வரவில்லை. அடியில் தாங்கும் பலகையோடு பெல்ட் ஒட்டிக்கொண்டு நிற்க, நான் மேலே ஏறி நின்று வேகத்தைக் கூட்டினேன். 'டப்' என்ற சத்தத்தோடு, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோல் போர்டு போய்விட்டது. அந்தப் போர்டுக்கும், எண்ணெய் ஊறிக் கெட்ட பெல்ட்டுக்கும் சேர்த்து ஒன்பதாயிரம் செலவானது. வீட்டில் அன்றிலிருந்து எனக்குத் தேங்காய் எண்ணெய் இன்ஜினியர் என்று பெயர்.

போர்டு ஏன் வெடித்தது என்பதில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. நாம் ஐந்து கிலோமீட்டர் வேகம் என்று பொத்தானை அழுத்தினால், பெல்ட் எவ்வளவு இறுகிக் கிடந்தாலும் அந்த வேகத்தைக் கொடுக்க வேண்டியது போர்டின் கடமை; உராய்வு கூடக் கூட அது மோட்டாருக்குக் கூடுதலாகக் கரண்ட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கரண்ட் இரண்டு மடங்கானால் காயிலில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும் என்பது பாலிடெக்னிக்கில் நாம் மனப்பாடம் செய்த பாடம். ஆகவே பெல்ட் காய்ந்தால் மோட்டாரும் போர்டும் சாகும். கடைசியில் பழி மோட்டார்மேல் விழும். போர்டு மாற்றிய பிறகு, கம்பியைக் கவ்விக் கரண்ட்டை அளக்கும் டாங் டெஸ்டர் வைத்து அளந்து பார்த்தேன். பழைய பெல்ட்டில், அதே எடையோடு, அதே வேகத்தில் 4.6 ஆம்பியர், புதிய பெல்ட்டும் சரியான எண்ணெயும் போட்டபின் 2.1. இரண்டு கம்பியையும் சேர்த்துக் கவ்வினால் டெஸ்டர் சுழியத்தைத்தான் காட்டும் என்பதால், ஒரு கம்பியை மட்டும் பிரித்தெடுத்த எக்ஸ்டென்ஷன் ஒயர் ஒன்றை இதற்கென்றே செய்து வைத்திருக்கிறேன்.

மெதுவாகத்தானே நடக்கிறேன், மெஷினுக்கு என்ன கஷ்டம் என்று கேட்டிருக்கிறாய். உண்மை அதற்கு நேர்மாறானது. மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறி அதே அச்சில்தான் பொருத்தப்பட்டிருக்கிறது. மோட்டார் மெதுவாகச் சுற்றினால் விசிறியும் மெதுவாகவே சுற்றும். எண்பது கிலோ உடம்பு இரண்டு கிலோமீட்டர் வேகத்தில் ஒவ்வோர் அடியிலும் பெல்ட்டைப் பலகையோடு அழுத்தி நிறுத்தப் பார்க்க, காற்றில்லாமல் மோட்டார் வேகும். மூன்றரை, நான்கு என்று நடப்பது உனக்கும் நல்லது, அதற்கும் நல்லது.

இப்போது உன் மெஷினுக்கு வருவோம். கால் வைக்கும்போது பெல்ட் ஒரு கணம் நின்று பிறகு நகர்கிறது என்கிறாய். இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். மூன்றையும் கண்ணாலேயே பிரித்தறியலாம். பிளக்கைப் பிடுங்கி, போர்டில் உள்ள பெரிய கெபாசிட்டரில் தேங்கிய மின்சாரம் வடியப் பத்து நிமிடம் பொறுத்து, முன்பக்க மூடியைக் கழற்றிவிட்டு, மறுபடி பிளக்கை இணைத்துக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நீ பெல்ட்டின்மேல் நட. மகன் எட்ட நின்று பார்க்கட்டும், வேட்டியோ துண்டோ கையோ பக்கத்தில் போகக் கூடாது. கால் விழும்போது முன் உருளை சுற்றிக்கொண்டே இருக்க, நடக்கும் பெல்ட் மட்டும் நின்றால், அந்தப் பெல்ட் தளர்ந்திருக்கிறது. உருளையும் நின்று மோட்டார் மட்டும் சுற்றினால், மோட்டாரையும் உருளையையும் இணைக்கும் சின்ன பெல்ட் வழுக்குகிறது; ஆலையில் ஸ்பிண்டிலைச் சுற்றவைக்கும் டேப் தளர்ந்தால் நூலில் முறுக்குக் குறையுமே, அதே கதை. மோட்டாரே திணறி வேகம் குறைந்தால், உராய்வு அல்லது மோட்டாருக்குள் கரண்ட்டைக் கடத்தும் கார்பன் துண்டு அல்லது போர்டு. கரிந்த வாடையும் அடியில் கறுப்புத் தூளும் இருப்பதாக நீ எழுதியதை வைத்துப் பார்த்தால், எனக்குச் சந்தேகம் உராய்வின்மேல்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மோட்டாரின் இரு பக்கமும் உள்ள மூடிகளைத் திருகினால் கார்பன் வெளியே வரும். அது தேய்ந்து குட்டையாகியிருந்தால் மாற்றுவதற்குச் சில நூறு ரூபாய்தான். பதினோராயிரம் கேட்டவர் இதை முதலில் பார்த்திருக்க வேண்டும்.

தளர்வாக இருந்தால் பின்பக்கத்து இரண்டு போல்ட்டையும் எல்-சாவியால் ஒரே அளவாகக் கால் சுற்று இறுக்கு. நடுவில் பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கினால் இரண்டு, மூன்று விரற்கடை உயரம் எழ வேண்டும். வீணைத் தந்திபோல விறைத்துக்கொண்டால் பேரிங்கும் மோட்டாரும் அழும். பெல்ட் வலது பக்கம் ஒதுங்கினால் வலது போல்ட்டைக் கால் சுற்று இறுக்கிவிட்டு, இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பார். பொறுமை இல்லாமல் முழுச் சுற்றுச் சுற்றினால் மறுபக்கம் ஓடி ஓரத்தில் உரசிக் கிழியும்.

எண்ணெய் விஷயத்தில் நான் இப்போது பிடிவாதக்காரன். கலப்பில்லாத சிலிகோன் எண்ணெய் தவிர வேறெதுவும் கூடாது. தையல் மெஷின் எண்ணெயும், துருவுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயும், வாசலின் வகையறாவும் பெல்ட்டின் அடிப்புறத் துணியையும் பிவிசியையும் கெடுக்கும். பெல்ட்டைத் தூக்கி, கால் விழும் நடுப்பகுதிக்கு எட்டும்படி இரு பக்கமும் சிறிது விட்டு, வெறும் பெல்ட்டாக ஐந்து நிமிடம் ஓட்டினால் பரவிவிடும். கூடுதலாக விட்டால் உருளைக்குப் போய் வழுக்கும், தூசியையும் சேர்த்துக்கொள்ளும். தேவையா என்று அறிய, மெஷினை நிறுத்திவிட்டு அடியில் கையை நுழைத்துத் தொட்டுப் பார். விரலில் பிசுக்கு ஒட்டினால் போதும், வறண்டிருந்தால் விட வேண்டும். மெழுகு பூசிய பலகை என்று உன் கையேட்டில் போட்டிருந்தால் மட்டும் இதைச் செய்யாதே.

இன்னொன்று: அதை பால்கனியில் வைத்திருக்கிறாயாமே! கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், உப்புக் காற்றும் மழைச் சாரலும் படும் இடத்தில். உருளை துருப்பிடிப்பது ஒரு புறம் இருக்கட்டும், நடக்கும் பலகை என்பது மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப். ஈரம் ஏறினால் ஊதும், ஊதினால் சரி செய்ய வழியே இல்லை. இன்றே உள்ளே எடுத்து வை. சூடான போர்டுக்கு அருகில் பல்லி குடியேறுவதும் வழக்கம்; என் பக்கத்து வீட்டில் ஒரு போர்டு அப்படித்தான் பல்லியோடு சேர்ந்து உயிரை விட்டது.

எப்போது விட்டுவிடலாம் என்றும் கேட்டிருந்தாய். என் கணக்கில் பலகைதான் எல்லைக்கோடு. மேல் பூச்சுத் தேய்ந்து மரம் பழுப்பாகத் தெரிந்தால், புதிய பெல்ட்டை அதன்மேல் போடுவது காசைக் கரியாக்குவது. சில மெஷின்களில் பலகையைத் திருப்பிப் போடலாம், ஆனால் நம் விலைக்கு வரும் மெஷின்களில் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் பூச்சு. பலகையோடு மோட்டாரோ போர்டோ சேர்ந்து போயிருந்தால் காயலான் கடைக்கு அனுப்பிவிடு, நான் தடுக்க மாட்டேன்.

அப்படிப் புதிதாக வாங்க நேர்ந்தால் அட்டையில் "4 எச்பி" என்று போட்டிருப்பதை நம்பாதே. ஓர் எச்பி, அதாவது ஒரு குதிரைத்திறன், 746 வாட். நான்கு எச்பி என்றால் 2984 வாட், 230 வோல்ட்டில் 13 ஆம்பியர். ஆனால் அந்த மெஷினுக்குப் பெரும்பாலும் 6 ஆம்பியர் சின்ன பிளக்கைக் கொடுத்திருப்பார்கள். அது தாங்குவதே 1380 வாட், இரண்டு எச்பிகூட இல்லை. கணநேரம் எட்டக்கூடிய உச்சத்தைப் 'பீக்' என்று பெரிதாக அச்சடித்து, தொடர்ந்து தரும் சக்தியைப் பொடி எழுத்தில் போடுவதும் போடாமலே விடுவதும் விற்பவர்களின் வழக்கம். தொடர்ச்சியான சக்தி எவ்வளவு, பலகை எத்தனை மில்லிமீட்டர், பெல்ட்டும் போர்டும் தனியாகக் கிடைக்குமா, பழுது பார்க்க உன் ஊரில் ஆள் உண்டா என்று கேள். பாட்டுப் பாடும் திரையைப் பற்றிக் கேட்காதே.

நான் பிப்ரவரி 2ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை சென்னைக்கு வருகிறேன். டாங் டெஸ்டர், எல்-சாவி, எண்ணெய்க் குப்பி மூன்றையும் எடுத்து வருவேன். மூடியைக் கழற்றத் தயக்கமாக இருந்தால் அதுவரை அதை ஓட்டாமல் வை. ஓடும் பெல்ட்டுக்கும் பின் உருளைக்கும் இடையில் குழந்தைகளின் விரல் சிக்குவது உண்டு என்பதால், பிடுங்கினால் மெஷினை ஓடவிடாத காந்தச் சாவியை எடுத்து பேரன் கைக்கு எட்டாத பீரோவில் வைத்துவிடு. ஒரு வேலை மட்டும் எனக்காகச் செய்: பெல்ட்டின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கையால் உருட்டியபடி அளவு டேப் வைத்து முழுச் சுற்றளவையும் அகலத்தையும் அளந்து எழுது. மாற்ற வேண்டியிருந்தால் இங்கேயே சொல்லி வைத்து வாங்கி வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
ராமநாதன்