அமலோற்பவதாஸ் அடிகளின் வரலாறு எழுதக் கைகொடுத்த அனைவருக்கும் நன்றி

அன்பு நெஞ்சங்களுக்கு வணக்கம்.

கத்தோலிக்க வழிபாடு நம் மண்ணின் பண்பாட்டோடு இணைய வேண்டும் என்று உழைத்த இறையியலாளர் அருட்தந்தை டி. எஸ். அமலோற்பவதாஸ் அவர்களின் வாழ்க்கை வரலாறு ஒருவழியாக அச்சேறிவிட்டது. அட்டையில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. உள்ளே இருப்பதில் பெரும்பகுதி உங்களிடமிருந்து வந்தது. முன்னுரையில் இரண்டு வரி எழுதி முடித்துக்கொள்ள மனம் வரவில்லை, அதனால்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

முதலில் அடிகளாரின் சொந்த ஊரான கல்லேரியின் பெரியவர்களுக்கு நன்றி. 1932இல் அந்த ஊரில் பிறந்த பையன் இறையியல் அறிஞரானதையும், அவருடைய அண்ணன் லூர்துசாமி பெங்களூருப் பேராயராகி 1985இல் கர்தினாலானதையும் தங்கள் வீட்டுக் கதையாகவே சொன்னீர்கள். குடும்பத்தைப் பற்றிய பகுதி உங்கள் வாய்மொழியில் உருவானதுதான்.

புதுச்சேரியில் பிரெஞ்சு கற்பித்து ஓய்வு பெற்ற அம்மையாருக்கு அடுத்த வணக்கம். அடிகளார் பாரிஸ் கத்தோலிக்க நிறுவனத்தில் முனைவர் ஆய்வு செய்தவர். அந்தக் காலத்து எழுத்துகள் பிரெஞ்சில் இருக்கின்றன. அவற்றை எனக்காகப் பக்கம் பக்கமாகப் படித்துச் சொன்னீர்கள். விடுதலை பெற்ற இந்தியாவில் திருச்சபை அந்நிய முகத்தோடு எத்தனை நாள் வாழ முடியும் என்ற கேள்வி, பெங்களூருக்குப் போவதற்கு முன்பே அவரைப் பிடித்துக்கொண்டது என்பதை நீங்கள் காட்டாமல் இருந்திருந்தால், நூலின் முதுகெலும்பே எனக்குக் கிடைத்திருக்காது.

அப்புறம், நோட்டுப் புத்தகத்தை நம்பிக் கொடுத்த அருட்சகோதரி. 1967இல் அடிகளார் பெங்களூரில் தொடங்கிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுவத்தில் பயிற்சி பெற்றவர் நீங்கள். நீல மை மங்கிப்போன அந்த நோட்டில் வலப்பக்கம் வகுப்புக் குறிப்பு, இடப்பக்கம் பென்சில் படங்கள். ஆரத்தித் தட்டில் பூ எங்கே, தீபம் எங்கே என்று ஒரு படம். பஞ்சாங்கப் பிரணாமத்தில் நெற்றியும் கைகளும் முழங்கால்களும் தரையைத் தொடும் விதம் இன்னொரு படம். மூலையில் சின்னதாக, “பாட்டிமாருக்கு முழங்கால் வலித்தால்?” என்று உங்கள் கேள்வி. பூசையில் இந்திய வழக்கங்களைச் சேர்த்துக்கொள்ள உரோமைத் தலைமை 1969 ஏப்ரல் 25 அன்று அனுமதித்த பன்னிரண்டு அம்சங்களைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். தரையில் அமர்தல், செருப்பைக் கழற்றுதல், முழந்தாளிடுவதற்குப் பதில் கைகூப்பி வணங்குதல், மெழுகுவர்த்திக்குப் பதில் எண்ணெய் விளக்கு, குருவின் உடைக்கு மேல் சால்வை என்றுதான் அவை பட்டியல் போடும். ஒரு பங்கில் இதை நாளைக்குச் செய்து காட்ட வேண்டியவர் மனத்தில் என்ன ஓடும் என்பது உங்கள் நோட்டில்தான் தெரிந்தது. அந்தப் பக்கங்களை நூலில் படமாகச் சேர்க்க இசைந்தீர்களே, அதற்குத் தனியாக ஒரு நன்றி.

அந்த மாற்றங்கள் கோயிலுக்குள் வந்தபோது எழுந்த சண்டைகளை ஒளிக்காமல் சொன்ன உபதேசியார் ஐயாவுக்கு என் வணக்கம். சிலருக்கு மகிழ்ச்சி, சிலருக்குக் கோபம். நம்மை இந்துவாக்கப் பார்க்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு பல இடங்களில் எழுந்தது. எந்தெந்த அம்சத்தை ஏற்பது என்பதை அந்தந்த மறைமாவட்ட ஆயரிடமே விட்டிருந்தார்கள் என்பதால் ஊருக்கு ஊர் நிலைமை வேறாக இருந்தது. யாரையும் குறை சொல்லாமல் இவ்வளவையும் சொல்ல உங்களால்தான் முடியும்.

உலக ஆயர்களின் பிரதிநிதிகள் உரோமையில் கூடிய 1974 ஆயர் மன்றத்தைப் பற்றி எனக்குப் பாடம் நடத்திய குருமடப் பேராசிரியரையும் மறக்க முடியாது. நற்செய்தி அறிவிப்பைப் பற்றிய அந்த மன்றத்துக்கு இத்தாலிய இயேசு சபைக் குரு தொமேனிக்கோ கிராஸோவும் நம்மவரும் சிறப்புச் செயலர்கள். இறுதி வரைவை ஆயர்கள் ஏற்கவில்லை, பொறுப்பு திருத்தந்தை ஆறாம் பவுலிடம் போனது, மறு ஆண்டு அவருடைய திருத்தூது ஊக்கவுரை வந்தது. செஞ்சிப் பக்கத்துக் குரு ஒருவர் உலகத் திருச்சபையின் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தார் என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கு அது பெரிய வருத்தம்.

இனி, நூலிலேயே கனமான இயலுக்குக் காரணமான நண்பர். “விளக்கும் ஆரத்தியும் அங்கவஸ்திரமும் யாருடைய பண்பாடு? எங்கள் பறை எங்கே?” என்று கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில் எழுதியவர். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கரில் பெரும்பான்மையோர் தலித்துகள். அவர்களுக்குக் கோயிலிலும் கல்லறையிலும் சாதிச் சுவர் எழுப்பியிருந்த ஊர்களில், இந்தியமயமாக்கல் என்ற பெயரில் மேல்சாதி அடையாளங்கள் உள்ளே வந்தால் எப்படி இருக்கும்? அடிகளார் நடுவத்தின் இயக்குநராக இருந்த அதே பெங்களூரில்தான் 1981இல் இறையியலாளர் அர்விந்த் நிர்மல் ஆற்றிய உரை, தலித் மக்களின் அனுபவத்திலிருந்து இறைவனைப் பற்றிப் பேசும் தலித் இறையியலுக்கு வழி திறந்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதச் சொன்னது நீங்கள். அடிகளார்மீது எனக்குள்ள மதிப்பு இதனால் குறையவில்லை. கோயிலுக்குள் நம் மண் நுழைய வேண்டும் என்று அவர் கேட்டார், எந்த மண் என்று நீங்கள் கேட்கிறீர்கள். அவருடைய கேள்வியை நேர்மையாகத் தொடர்பவர்கள் இதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கிறித்தவ இயல் துறை உருவானதைப் பற்றியும், மைசூரில் அவர் நிறுவிய அஞ்சலி ஆசிரமத்தில் ‘சுவாமி அமலோரானந்தா’வாக அவர் வாழ்ந்ததைப் பற்றியும் பேசிய பழைய மாணவர்களே, உங்களுக்கும் நன்றி. 1990 மே 25 அன்று சாலை விபத்தில் அவர் இறந்த செய்தியைப் பேசும்போது உங்களில் ஒருவர் பாதியில் நிறுத்திவிட்டார். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. ஐம்பத்தேழு வயது என்பது ஒரு இறையியலாளருக்கு உழைப்பின் நடுப்பகுதி. அந்த இழப்பை நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை.

மெய்ப்புத் திருத்திய தம்பி தங்கைகள், ஞாயிறு பூசை முடிந்ததும் முன்பதிவுக்குப் பணம் வாங்கி ரசீது எழுதிய இளைஞர்கள், அட்டையை மூன்றாவது முறையும் முகம் சுளிக்காமல் மாற்றிய அச்சகத்தார், எல்லாருக்கும் என் நன்றி. உங்களுக்கு உரிய பிரதிகளை அடுத்த வாரம் அனுப்புகிறேன். அடிகளார் கைப்பட எழுதிய கடிதமோ பழைய ஒலிநாடாவோ உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு வார்த்தை சொல்லுங்கள், நானே வந்து நகலெடுத்துக்கொள்கிறேன். இரண்டாம் பதிப்புக்கு இப்போதே ஒரு கோப்பு திறந்து வைத்திருக்கிறேன்.

என்றும் நன்றியுடன்,
நூலாசிரியர்