உறையின் மேல் அப்பாவின் எழுத்து

ரெடிங், இங்கிலாந்து.
கார்த்திகை, ஞாயிறு இரவு.

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் போன செவ்வாய்க்கிழமை இந்தக் கட்டடத்துக்கு வந்துவிட்டது. என் கைக்கு வந்தது வியாழன். இடையில் இரண்டு நாள் கீழ் வீட்டுக் கிழவரின் மேசையில் கிடந்திருக்கிறது. அதற்கு அப்பாதான் காரணம். எப்படி என்று பிறகு எழுதுகிறேன்.

மூன்று மாதமாக ஒரு வரி இல்லை என்று குறைப்பட்டிருந்தீர்கள். குறை சரிதான். ஞாயிறுதோறும் போனில் கதைக்கிறோமே என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தப் போனை அப்பா விறாந்தை நடுவில் சத்தமாகப் போட்டு வைக்க, ஒரு பக்கம் தங்கச்சி, மறுபக்கம் ஆரையம்பதி மாமி, இருவருக்கும் போட்டியாகச் சேவல். அங்கே எதைக் கதைக்கலாம்? நீங்கள் ஏன் கடிதமாக எழுதினீர்கள் என்பது இரண்டாம் பக்கத்தைப் படித்ததும் விளங்கியது. அதற்குப் பதில் கீழே வருகிறது. முதலில் என் பாடு.

சாப்பிடுகிறாயா என்று கேட்டீர்கள். நன்றாகச் சாப்பிடுகிறேன். இங்கே இரவு ஏழு மணிக்குப் பிறகு கடைகளில் அன்றைய பாணுக்கு மஞ்சள் சீட்டு ஒட்டி விலையைக் குறைப்பார்கள். அதே பாண், அதே ருசி. காலையில் வாங்குகிறவர்கள்தான் ஏமாளிகள். நீங்கள் தந்துவிட்ட மிளகாய்த்தூள் இன்னும் கால் போத்தல் இருக்கிறது, பார்த்துப் பார்த்துப் போடுகிறேன். தயிருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. இங்கேயும் தயிர் என்று ஒன்று விற்கிறார்கள். கரண்டியைச் சரித்தால் வழிகிறது. சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத நம் எருமைத் தயிரைச் சொன்னால் வகுப்பில் யாரும் நம்பவில்லை.

குளிர் பழகிவிட்டது. பழகாதது இருட்டு. பின்னேரம் நாலு மணிக்கே முடிந்துவிடுகிறது பகல். கோட் நல்ல கோட். யாரோ ஒரு பெண் ஒரு பருவம் போட்டுவிட்டுத் தருமக் கடைக்குக் கொடுத்தது. பையில் அவளுடைய சினிமா டிக்கெட் கூடக் கிடந்தது. எழுத்து வடிவமைப்புப் படிக்கிற பல்கலைக்கழகத்துக்கு நடந்தே போகிறேன். நாற்பது நிமிடம். நடந்தால் உடம்பு சூடாகும், பஸ்ஸில் இருந்தால் விறைக்கும். கடை வேலையும் இருக்கிறது, மாணவர் விசாவில் தவணைக் காலத்தில் கிழமைக்கு அனுமதித்த 20 மணித்தியாலம். ஆகவே காசைப் பற்றி நீங்கள் யோசிக்க வேண்டாம்.

இனிக் கிழவர். குப்பைத் தொட்டிகளுக்குக் கிழமைவாரியாகப் பெயர் எழுதி ஒட்டுகிறவர் என்று சொல்லியிருக்கிறேனே, அவர்தான். நான் வந்த புதிதில் நெத்தலிக் கருவாடு பொரித்த அன்று, கதவின் கீழால் ஒரு துண்டு வந்தது: மேல் வீட்டில் ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று தயவுசெய்து பார்க்கவும். கோபம் வந்திருக்க வேண்டும். நான் எழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். பட்டை முனைப் பேனாவால் எழுதிய சரிந்த எழுத்து, ஒரு வரி கோணவில்லை. இதுவரை மூன்று துண்டுகள் வந்திருக்கின்றன. மூன்றையும் என் வேலைக் கொப்பியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

போன கிழமை தபால்காரர் உங்கள் கடிதத்தை அவர் கதவில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். வியாழன் மாலை கொண்டுவந்து நீட்டினார். மன்னிப்புக் கேட்கவில்லை. “இந்த விலாசத்தை எழுதியது யார்?” என்றுதான் கேட்டார். அப்பா என்றேன். மட்டக்களப்பில் முப்பது வருடம் கடைகளுக்கும் தோணிகளுக்கும் பெயர்ப் பலகை எழுதியவர் என்றேன். கிழவர் இளமையில் நிலப்படங்களுக்கு ஊர்ப் பெயர்களைக் கையால் எழுதும் வேலை பார்த்தவராம். அந்த உறையை இரண்டு நாள் வைத்துப் பார்த்திருக்கிறார். தர முடியுமா என்று கேட்டார். மறுத்துவிட்டேன். படியில் உட்கார்ந்து பென்சிலால் படியெடுத்துக்கொண்டு போனார். கருவாட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அடுத்த பந்தியை அப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அப்பா, நான் எட்டாம் வகுப்பில் படிக்கும்போது காத்தான்குடிப் புடவைக் கடைப் பலகைக்குக் கோடு பிடிக்க வந்தது நினைவிருக்கிறதா? நூலில் சுண்ணாம்பு தடவி நீங்கள் சுண்ட, மறுமுனையை நான் பிடித்தேன். ‘ட’ கோட்டில் நின்றது, ‘வ’வின் வயிறு கோட்டுக்குக் கீழே இறங்கியது. பிழை என்று சொன்னேன். “உருண்ட எழுத்து கோட்டை ஒரு மயிரிழை மிதிக்க வேண்டும், இல்லாவிட்டால் கூட்டத்தில் குட்டையாகத் தெரியும்” என்றீர்கள். முதல் வருடம் இங்கே அதற்கு ஒரு முழு விரிவுரை நடந்தது, படங்களோடு. கண்ணை ஏமாற்றினால்தான் கண்ணுக்குச் சரியாகத் தெரியும் என்று. நான் குறிப்பு எழுதவில்லை.

முதல் ஆறு கிழமை கணினியைத் தொடவே விடவில்லை. ஒரு யோசனைக்கு ஐம்பது சின்னப் படம் வரைய வேண்டும். பத்து வரைந்த பிறகு எல்லோருக்கும் வருகிற யோசனைகள் தீர்ந்துபோகும், பதினைந்துக்குப் பிறகு அழுகை வரும், முப்பதுக்கு மேல் எங்கிருந்தோ ஒன்று வரும். அதை ஒளி ஊடுருவும் தாளில் திரும்பத் திரும்பப் படியெடுத்துத் திருத்த வேண்டும். கடைசியில் சுவரில் குத்தி வைத்தால், எல்லோரும் சுற்றி நின்று குறை சொல்வார்கள். முதல் தடவை நான் குறுகிப்போனேன். இப்போது நானே மற்றவர்களுக்கு நன்றாகச் சொல்கிறேன்.

இந்தத் தவணை வேலை, ஒரு வீதிப் பலகை. இந்த நாட்டு வீதிப் பலகைகளின் எழுத்தை வரைந்தவர்கள் மார்கரெட் கல்வேர்ட், ஜொக் கினியர் என்ற இருவர். 1965இல் நடைமுறைக்கு வந்தது, இன்றும் அதுதான் நிற்கிறது. நான் எடுத்தது நம் கல்முனை பஸ்ஸின் பலகை, மூன்று மொழியிலும். களுவாஞ்சிகுடி தமிழில் ஏழு எழுத்து, ஆங்கிலத்தில் பதினான்கு. அப்படியானால் தமிழுக்கு இடம் மிஞ்ச வேண்டும் அல்லவா? மிஞ்சாது. நம் எழுத்துகள் கால் நீட்டிப் படுக்கின்றன. ‘ளு’ கீழே தொங்குகிறது, ‘டி’ மேலே எழும்புகிறது, ஊரில் இதைப் பெட்டிக்குள் அடக்கத் தமிழை நசுக்கிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் சேர்ந்து சொல்லுக்கு ஓர் உருவம் கொடுக்கின்றன. நமக்கு அந்தப் பிரிவு இல்லை. ஆகவே தொங்குவதையும் எழும்புவதையும் வெட்டாமல் விட்டால்தான் தூரத்தில் வருகிற பஸ் எந்தப் பஸ் என்று தெரியும். இதுதான் என் வாதம். கணினியோ முதலில் ‘கொ’வை உடைத்துக் கொம்பை ஒரு பக்கமும் காலை ஒரு பக்கமும் எறிந்தது. எழுத்துக் கோக்கும் தெரிவை மாற்ற வேண்டும் என்று கண்டுபிடிக்க அரை நாள் போனது. கல்லாற்று மாமா தன் அச்சகத்தில் பாமினி என்ற பழைய கணினி எழுத்துருவை விடமாட்டேன் என்று பிடிவாதமாக இருப்பதன் நியாயம் அன்று விளங்கியது.

எங்கள் துறையில் லத்தீன் அல்லாத எழுத்துகளுக்கென்றே ஒரு சேகரிப்பு இருக்கிறது. பியோனா றொஸ் என்ற அம்மையார் லைனோடைப் என்ற அச்செழுத்துக் கம்பனியில் இருந்த காலத்தில் வங்காள எழுத்துக்காக உழைத்த உழைப்பைப் பற்றிச் சொன்னார்கள். வேறு ஒருவருடைய எழுத்துக்கு இவ்வளவு பாடுபட்டிருக்கிறார். உங்கள் ‘லை’யை நினைத்தேன் அப்பா, யானைத் தும்பிக்கை போல முன்னால் சுருளும் அந்தப் பழைய ‘லை’. தமிழ்நாட்டில் 1978இல் அதை மாற்றிவிட்டார்கள். நீங்கள் கடைசிப் பலகை வரை மாற்றவில்லை.

பலகையைச் சுவரில் குத்திய வெள்ளிக்கிழமை, அழகு என்று எல்லோரும் சொன்னார்கள். வளைவு அழகு, இடைவெளி அழகு. நன்றி சொன்னேன். அங்கே இருந்தவர்களில் ஒருவருக்கும் அதை வாசிக்கத் தெரியாது. கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கண்டக்டர் கூப்பிடுகிற மாதிரி ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்லாறு, மருதமுனை, கல்முனை என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். ஞாயிறு உங்களோடு கதைத்த பிறகு என் வாயில் தமிழ் வந்தது அப்போதுதான். வெளியே வர நேரமாகிவிட்டது.

சரி, அதை விடுங்கள். சனிக்கிழமைகளில் நகர அருங்காட்சியகத்துக்குப் போகிறேன். உள்ளே போகக் காசில்லை, சூடாகவும் இருக்கிறது. இந்த ஊரில் ஹன்ட்லி அன்ட் பாமர்ஸ் என்ற பிஸ்கட் கம்பனி 1822இல் தொடங்கியதாம். ஒரு கூடம் நிறைய அதன் தகரப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு சித்திரம். அப்பாவின் தூரிகைப் பெட்டி போல ஒன்றாவது கிடைக்குமா என்று ஒவ்வொரு முறையும் தேடுகிறேன்.

இனி உங்கள் இரண்டாம் பக்கம்.

தங்கச்சியின் கலியாணத்துக்கு வீட்டை அவள் பெயரில் எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாப்பிள்ளை வீட்டார் கலியாணத்துக்கு முன் வீட்டு உறுதிப் பத்திரம் வேண்டும் என்று கேட்டால் எழுதிவிடுங்கள். மூத்தவள் இருக்க இளையவளுக்கு வீடு போகிறதே என்று ஊர் கதைக்கத்தான் செய்யும். அம்மம்மா உங்களுக்குத் தந்த வீடு, நீங்கள் எனக்குத் தர நினைத்த வீடு, எல்லாம் தெரியும். நான் எப்போது வருவேன் என்று எனக்கே தெரியாதபோது தங்கச்சியின் காரியத்தை ஏன் நிறுத்த வேண்டும்? அவளிடம் நான் முழு மனதோடுதான் சொன்னேன் என்று சொல்லுங்கள். ஆனால் ஒன்று: நீங்களும் அப்பாவும் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமை உறுதியில் எழுத்தில் வர வேண்டும். வாய்ச்சொல் போதாது. நொத்தாரிசிடம் கேட்டு, எழுதியதை வாசிக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

உங்கள் சங்கிலியை அடகில் இருந்து மீட்கக் காசு தைக்கு முன் அனுப்பப் பார்க்கிறேன். இந்த மாதம் வட்டியை மட்டும் கட்டிவிடுங்கள். பந்தலுக்குக் கல்லாற்று மாமாவிடம் கைமாற்றுக் கேட்க வேண்டாம். அழைப்பிதழை நான் வரைந்து அனுப்புகிறேன், அடிக்கிற கூலியை மட்டும் அவர் எடுத்துக்கொள்ளட்டும். அப்பா அங்கே கடதாசி வெட்டும்போது கண்ணாடி போடுகிறாரா?

மேசன் மார்கழியில் வெள்ளை அடிக்க வருகிறார் என்று எழுதியிருந்தீர்கள். பின் விறாந்தைச் சுவரில், அப்பா ஒவ்வொரு பலகைக்கும் முன்னால் தூரிகை பதம் பார்த்த இடம் இருக்கிறதே, சிவப்பு மேல் நீலம், நீலம் மேல் கறுப்பு என்று. அதை அடிப்பதற்கு முன் தங்கச்சியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அடிமட்டத்தைச் சுவரோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும், அளவு தெரிவதற்கு. காலை எட்டு மணிக்கு முன் எடுக்கட்டும், பிறகு கிணற்றடி வெயில் சுவரில் அடிக்கும். பிளாஷ் வேண்டாம். கடைசி வருட வேலைக்கு அந்த எழுத்தைத்தான் எடுக்கப்போகிறேன்.

அந்த ஒரு சுவரை மட்டும் அடிக்காமல் விட முடியுமா என்று தங்கச்சியிடம் கேட்டுப் பாருங்கள். இனி அவளிடம்தானே கேட்க வேண்டும்.

அன்புள்ள மகள்