ஓடை ஆழமானது, வயல் காய்ந்தது

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள கேன்யன் டி ஷே பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த பயணக் கட்டுரையில் படங்கள் அருமை. ஆனால், அதை ‘மனிதர் கைவிட்ட பாலைவனப் பள்ளத்தாக்கு’ என்றதும், அடித்தளத்துப் பசுமையை ‘இயற்கையின் கொடை’ என்று மெச்சியதும் சரியல்ல.

1931 ஏப்ரலில் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட சுமார் 340 சதுர கி.மீ. பரப்பும் நவஹோ பழங்குடி மக்களின் நிலம். தேசியப் பூங்காத் துறை தொல்லிடங்களைப் பராமரிக்கிறது, அவ்வளவுதான். இன்றும் ஏறத்தாழ 40 குடும்பங்களுக்கு அங்கே வீடு, வயல், மேய்ச்சல் உண்டு. பாறைப் பொந்துகளில் அடுக்குவீடு கட்டிய பியூப்ளோ மூதாதையர் 1300 வாக்கில் வெளியேறினார்கள் என்பது உண்மை, மாயமாகிவிடவில்லை. அவர்கள் வழிவந்த ஹோபி மக்கள் மேற்கே மேட்டுநிலத்தில் வாழ்கிறார்கள். பின்னாளிலும் பருவத்துக்குப் பருவம் இங்கே வந்து பயிர் செய்தார்கள்.

அடுத்து வேரூன்றிய நவஹோக்களை அங்கிருந்து பிடுங்கப் பார்த்தவர்கள் பலர். 1805இல் ஸ்பானியப் படை ஒரு குகையில் ஒளிந்திருந்தவர்களைச் சுட்டுக் கொன்றது. 1864 ஜனவரியில் கிட் கார்சனின் அமெரிக்கப் படை நுழைந்து வீடு, மந்தை, தானியம் எல்லாவற்றையும் அழித்தது. அதே ஆண்டு ஆயிரக்கணக்கான பீச் மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டன. சரணடைந்தவர்களை ஏறக்குறைய 480 கி.மீ. தொலைவிலிருந்த முகாமுக்கு நடத்திக்கொண்டு போனார்கள். 1868 உடன்படிக்கைக்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் மறுபடியும் பீச் நட்டார்கள். கைவிட்ட இடம் என்று எழுத இந்த ஊர் பொருத்தமே இல்லை.

பாறையைப் பற்றிக் கட்டுரை சொன்னதில் பிழையில்லை; ஒன்றை மட்டும் சேர்க்கலாம். சுவரில் சாய்வாக ஓடும் வரிகள் சுமார் 28 கோடி ஆண்டுக்கு முன் காற்று குவித்த மணல்மேடுகளின் அடுக்குகள். மேலிருந்து வழியும் கறுப்புப் பட்டைகளில் இருப்பது மாங்கனீசும் இரும்பும், புகைக்கரி அல்ல.

இனி அந்தப் பசுமை. 1935இல் விமானத்திலிருந்து எடுத்த படங்களில் ஓடை அகலமாக, ஆழமின்றி, பல கிளைகளாகப் பிரிந்து மணலில் பரந்து ஓடுகிறது. வெள்ளம் வந்தால் கரை தாண்டி வயலில் ஏறி, வண்டலையும் ஈரத்தையும் விட்டுப் போகும். ஆண்டு மழை 25 செ.மீ.கூட எட்டாத இடத்தில் மக்காச்சோளம் விளைந்தது இதனால்தான். அங்கே மண்ணைக் கீறி விதைப்பதில்லை. குச்சியால் ஒரு சாணுக்கும் மேல் குழி தோண்டி, ஈர மணல் தட்டுப்பட்ட ஆழத்தில் பல விதைகளைச் சேர்த்துப் போட்டு மூடுவார்கள். அடுத்த குழி பல அடி தள்ளி. சாதாரண மக்காச்சோளம் அந்த ஆழத்திலிருந்து வெளியே வராது. இந்த நாட்டு ரகத்தில் விதைக்கும் முதல் கணுவுக்கும் இடைப்பட்ட தண்டு மிக நீளமாக வளர்வதால் முளை மண்ணைத் துளைத்துக்கொண்டு வந்துவிடும்.

1930களிலிருந்து, கரையரிப்பைத் தடுத்துத் தொல்லிடங்களையும் வயல்களையும் காக்க மரம் நட்டார்கள். நாட்டு மரமான காட்டன்வுட், வில்லோவோடு வெளியிலிருந்து வந்த டாமரிஸ்க்கும் ரஷ்யன் ஆலிவும் அந்தக் கரைகளைப் பிடித்துக்கொண்டன. காட்டன்வுட் விதை வசந்த வெள்ளம் வடியும் சில வாரங்களில் வெற்று ஈர மணலில் விழுந்தால்தான் உண்டு. டாமரிஸ்க் கோடை முழுக்கப் பூத்துப் பொடிவிதை தூவுகிறது. ரஷ்யன் ஆலிவ் நிழலிலும் முளைக்கும், பறவைகளே பரப்பிவிடும். அடர்ந்த வேர் கரையை இறுக்க, ஓடை குறுகிக் கீழ்நோக்கி அறுத்தது. இப்போது பல இடங்களில் வெள்ளம் பள்ளத்துக்குள்ளேயே ஓடிவிடுகிறது, வயலுக்கு ஏறுவதில்லை. நிலத்தடி ஈரமும் ஓடையின் மட்டத்துக்கு இறங்கிவிட்டது. குச்சி எவ்வளவு ஆழம் போனாலும் உலர் மணல்தான். பழி முழுவதையும் நட்ட மரங்கள்மேல் போடக் கூடாது. மேலே 1960களில் கட்டிய சிற்றணைகளும் மழையின் ஏற்ற இறக்கமும் வெள்ளத்தை மாற்றியிருக்கின்றன.

வெட்டினால் தீருமா? சீமைக்கருவேலத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்குப் பதில் தெரியும். அறுத்துவிட்டாலும் கொளுத்திவிட்டாலும் தூரிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். பள்ளத்தாக்கில் இரண்டு வழிகளைச் செய்து பார்த்தார்கள். ஒன்று, தரையோடு அறுத்துச் சில நிமிடங்களுக்குள் வெட்டுமுகத்தில், குறிப்பாகப் பட்டையை ஒட்டிய வளையத்தில், களைக்கொல்லி பூசுவது. தாமதித்தால் மரம் வெட்டுமுகத்தை மூடிக்கொள்ளும், மருந்து இறங்காது. மற்றது, பொக்லைன் வைத்துத் தூரோடு பெயர்ப்பது. இதில் மண் கிளறப்படுவதால் வேறு களை புகும். ஈர மணலில் விட்ட டாமரிஸ்க் துண்டும் வேர்விடும். எதைச் செய்தாலும் மறு ஆண்டு வந்து துளிரைத் தேட வேண்டும். மரம் போனதும் ஓடை பழையபடி விரிந்துவிடவும் இல்லை. களிமண் கலந்த கரை மரமில்லாமலும் செங்குத்தாக நிற்கிறது. மணற்பாங்கான இடத்தில்தான் சரிகிறது. வேர்களை எடுத்த வேகத்தில் ஓடையை மேலே கொண்டுவர முடியாது என்பதை நிதி ஒதுக்குபவர்கள் புரிந்துகொள்வது அரிது.

போக நினைக்கும் வாசகர்களுக்குச் சில விவரங்கள். மேல்விளிம்புச் சாலைகள் இரண்டிலும் தாராளமாகச் செல்லலாம், கட்டணம் இல்லை. கீழே இறங்க அனுமதி பெற்ற நவஹோ வழிகாட்டி கட்டாயம். இதற்கு ஒரே விலக்காக இருந்த ஒயிட் ஹவுஸ் பாதையைத்தான் கட்டுரை பரிந்துரைக்கிறது. அது 2020இல் மூடப்பட்டது. பூங்கா அலுவலகத்தில் கேட்காமல் அதை நம்பிப் போக வேண்டாம். ஓடை மணலில் புதைகுழிகள் உண்டு, காரையே இழுத்துக்கொள்ளும். ஜூலை முதல் செப்டம்பர் வரை, தலைக்குமேல் வானம் தெளிவாக இருந்தாலும் மலையில் பெய்த மழை வெள்ளமாக வந்து சேரும். கோடையில் நவஹோ நாடு (அம்மக்களின் தன்னாட்சிப் பகுதி) கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைக்கும், மற்ற அரிசோனா தள்ளாது. பீனிக்ஸிலிருந்து வருபவர்கள் வழிகாட்டியைத் தவறவிடுவது இதனால்தான். வீட்டையோ ஆட்களையோ படம் எடுக்குமுன் அவர்களிடம் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்