ஒமேகா-6 மீது வீண்பழி

ஐயா,

ஒமேகா-6 கொழுப்பு அழற்சியைத் தூண்டும், ஒமேகா-3 தணிக்கும் என்ற கட்டுரையைப் படித்தேன். பாதிதான் உண்மை. முக்கிய ஒமேகா-6 கொழுப்பான லினோலெயிக் அமிலத்திலிருந்து உடல் அராகிடோனிக் அமிலத்தையும், அதிலிருந்து அழற்சியில் பங்குள்ள புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள்களையும் தயாரிப்பது சரியே. புரோஸ்டாகிளாண்டின் ஆய்வுக்காக 1982-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். ஆனால் முதல் மாற்றத்துக்கு உடலே கடிவாளம் போட்டிருக்கிறது. லினோலெயிக் அமிலத்தைக் கூட்டிச் சாப்பிட்டவர்களுக்கு இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதம் உயர்ந்ததாகச் சோதனைகள் பொதுவாகக் காட்டவில்லை. ஒமேகா-3 எல்லாமும் ஒன்றல்ல. ஆளிவிதையில் இருக்கும் ஒமேகா-3-ல் சிறு பங்கே, மீனில் உள்ள ஈபிஏ என்ற ஒமேகா-3 வகையாக உடலில் மாறும்.

கட்டுரை தொடவே தொடாதது, எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு. எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி, எச்டிஎல் என்ற நல்ல கொலஸ்ட்ராலை இறக்குவது அதுதான். உணவிலிருந்து பெறும் மொத்த ஆற்றலில் அது 1 சதவீதத்துக்கும் கீழே இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைப் பற்றியும் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்