நீலச் சறுக்குமரம்

பிட்ஸ்பர்க்,
செப்டம்பர் 9

அன்புள்ள ராமு,

உன் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனம் நிலைக்கு வந்தது. பஞ்சாங்கத்தின் பொடி எழுத்தையே படிக்கிறார் என்றால் இனி உன் பாடு திண்டாட்டம்தான். என் முழங்கால் முன்பைவிடப் பரவாயில்லை. மாடிப்படியில் மட்டும் இன்னும் கைப்பிடியைத் தேடுகிறேன்.

கடைசிப் பக்கத்தில் ஒன்று கேட்டிருந்தாய். உன் இளைய மகன் கதவைச் சாத்திக்கொண்டு மேக் மில்லர் என்ற யாரோ ஒரு பையனின் ராப் பாட்டையே கேட்டுக்கொண்டிருக்கிறான், அந்தப் பையன் என் ஊராமே, எனக்குத் தெரியுமா, இதெல்லாம் பாட்டா பேச்சா என்று. ராமு, இதைவிட என் மனத்துக்கு நெருக்கமான கேள்வியை நீ கேட்டிருக்க முடியாது. அதனால் இந்தக் கடிதம் நீளும்.

அவன் இந்த ஊர்ப் பையன்தான். இயற்பெயர் மால்கம் ஜேம்ஸ் மெக்கார்மிக். 1992 ஜனவரி 19 அன்று பிறந்தவன், என் மகளைவிட ஒரு வயது மூத்தவன். அதனால்தான் அவன் என்றே எழுத வருகிறது, மன்னித்துக்கொள். வளர்ந்தது பாயின்ட் பிரீஸ் என்ற பகுதியில். அதை ஒட்டி ஃப்ரிக் பார்க் என்று காடு போன்ற பெரிய பூங்கா ஒன்று இருக்கிறது. அதன் ஒரு மூலையில் குழந்தைகள் விளையாடும் இடம். அங்கே மேட்டுச் சரிவோடு சரிவாகச் சிமெண்டில் கட்டி நீல வண்ணம் பூசிய நீளமான சறுக்குமரம் ஒன்று உண்டு. சும்மா உட்கார்ந்தால் நகராது. பழைய அட்டைப்பெட்டியைக் கிழித்து அடியில் போட்டுக்கொண்டு சறுக்க வேண்டும். என் மகள் அந்தச் சிமெண்டில் எத்தனை கால்சட்டைகளைத் தேய்த்துக் கிழித்தாள் என்பதற்குக் கணக்கே இல்லை. 1990களில் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வரிசையில் நின்ற பிள்ளைகளில் இவனும் இருந்திருப்பான் என்று நான் இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

அவன் தந்தை கட்டடக் கலைஞர், தாய் புகைப்படக் கலைஞர். பியானோ, கிட்டார், டிரம்ஸ் எல்லாவற்றையும் தானாகவே பழகிக்கொண்டான். பதினைந்து வயதில் முதல் மிக்ஸ்டேப்பை வெளியிட்டான். மிக்ஸ்டேப் என்றால் என்னவென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திருச்சியில் விடுதிக் காலத்தில் தாளில் பன்னிரண்டு பாட்டுகளை எழுதி, வெற்றுக் கேசட்டோடு ரெக்கார்டிங் கடையில் கொடுத்துவிட்டு இரண்டு நாள் காத்திருப்போமே, ஏறக்குறைய அந்த வழிதான். ராப் உலகில் அந்தப் பெயர் கொஞ்சம் மாறி, பெரிய கம்பெனி எதையும் எதிர்பார்க்காமல் பாடகனே தயாரித்துப் பெரும்பாலும் இலவசமாகக் கொடுக்கும் தொகுப்பைக் குறிக்கிறது. 2010இல், பதினெட்டு வயதில், ரோஸ்ட்ரம் ரெக்கார்ட்ஸ் என்ற பிட்ஸ்பர்க் நிறுவனத்தில் சேர்ந்தான். சிறிய நிறுவனம். இவனுக்கு முன்பே விஸ் கலீஃபா என்ற ராப் பாடகரை உலகுக்குக் காட்டியது அதுதான். இருவரும் படித்ததும் ஒரே பள்ளியில்.

2011 நவம்பரில் முதல் ஆல்பம் வந்தது. அந்தச் சறுக்குமரத்தின் பெயரையே அதற்கு வைத்தான்: 'ப்ளூ ஸ்லைட் பார்க்'. முதல் வாரத்தில் ஏறக்குறைய 1,44,000 பிரதிகள் விற்று, அமெரிக்காவின் ஆல்பம் தரவரிசையான பில்போர்ட் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பெரிய விநியோக நிறுவனத்தின் துணை இல்லாமல் ஒருவரின் முதல் ஆல்பம் அந்த இடத்துக்கு வந்தது 1995க்குப் பிறகு அப்போதுதான். அவனுக்கு வயது பத்தொன்பது. என் மகளின் வகுப்புத் தோழர்கள் காரில் ஜன்னலை இறக்கிவிட்டு அந்தப் பாட்டுகளை அலறவிட்டபடி போவார்கள். நம் தெருப்பெயர் பாட்டில் வருகிறதே என்ற பூரிப்பு அவர்களுக்கு.

ஆனால் விமர்சகர்கள் விடவில்லை. பிட்ச்ஃபோர்க் என்ற இசை இதழ் பத்துக்கு ஒன்று கொடுத்தது. ஒன்றேதான், ராமு. கொண்டாட்டம், பார்ட்டி, நண்பர்கள், பெருமை இவற்றுக்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்பது அவர்கள் வாதம். நியாயமாகச் சொன்னால் ஆல்பம் மெலிந்ததுதான். நானே இன்று அதை எடுத்துக் கேட்பதில்லை. ஆனால் பத்தொன்பது வயதுப் பையனின் முகத்தில் அறைவது போல எழுதியதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. அந்த விமர்சனங்கள் தன்னை எவ்வளவு நோகடித்தன என்பதை அவன் பிறகு மறைக்காமல் சொன்னான். போதைப் பழக்கம் அவனிடம் வேர்விட்டதும் அந்தக் காலத்தில்தான்.

உன் இளையவனைக் கட்டிப்போட்டது அதன் பிறகு அவன் செய்ததுதான் என்று நினைக்கிறேன். எவருக்கும் பதிலடி கொடுக்கப் புறப்படவில்லை. படிக்க உட்கார்ந்துவிட்டான். லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபோய் வீட்டிலேயே ஒரு ஸ்டூடியோ அமைத்தான். லேரி ஃபிஷர்மேன் என்று இன்னொரு பெயர் வைத்துக்கொண்டு தானே தாளமும் பின்னணியும் அமைக்கத் தொடங்கினான். வின்ஸ் ஸ்டேபிள்ஸ் என்ற ராப் பாடகன் அப்போது அவ்வளவாகப் பெயர் வாங்காத பையன். 2013இல் அவனுக்கு ஒரு மிக்ஸ்டேப் முழுவதையும் இசையமைத்துக் கொடுத்தான். தன் பெயரில் முதலிடம் கண்டவன், இன்னொருவன் பாட மறுபெயரில் மறைந்து நின்று தாளம் கட்டினான். அதற்கு முந்தைய ஆண்டே வேறொரு புனைபெயரில் ராப்பே இல்லாத ஜாஸ் பாட்டுகளாக ஒரு சிறு தொகுப்பும் வெளியிட்டிருந்தான். அப்படி ஒன்றைச் செய்யச் சொல்லி யாரும் அவனைக் கேட்கவில்லை.

2013இல் வந்த இரண்டாம் ஆல்பம் வேறு ஆள் செய்தது போல இருந்தது. இருள், மயக்கம், சாவைப் பற்றிய யோசனை. 2014இல் இலவசமாக விட்ட 'ஃபேசஸ்' இன்னும் ஆழம். இருபத்திரண்டு வயதில் தன் போதையைத் தானே தள்ளி நின்று பார்த்துப் பேசுகிறான். கேட்டால் வயிற்றைப் பிசைகிறது. ஒரு தகப்பனாக என்னால் அதை ஒரே மூச்சில் கேட்டு முடிக்க முடிந்ததில்லை. அதே ஆண்டு வார்னர் என்ற பெரிய இசை நிறுவனத்தோடு ஒப்பந்தமானது. அடுத்து வந்த ஆல்பத்தில் கொஞ்சம் வெளிச்சம். 2016இல் 'தி டிவைன் ஃபெமினின்', முழுக்கக் காதல். அதில்தான் அவன் பயமில்லாமல் பாடத் தொடங்கினான்.

இது பாட்டா பேச்சா என்று கேட்டாய் அல்லவா? நம் யாப்பில் அடியின் தொடக்கத்தில் எதுகையும் மோனையும் முக்கியம். அடியின் இறுதியில் ஒலி ஒத்துவரும் இயைபு நமக்கு இரண்டாம் பட்சம். ராப்பில் அது தலைகீழ். இயைபுதான் உயிர். அடியின் கடைசியில் மட்டும் இல்லை, நடுவிலும் இரண்டு மூன்று அசைகள் சேர்ந்து ஒத்துவர வேண்டும். நான்கு தட்டு கொண்ட தாளத்தில் எந்தத் தட்டில் அந்த ஒலி வந்து விழுகிறது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். மேக் தொடக்கத்தில் தட்டுக்கு நேராக, துள்ளலாகச் சொற்களை வைத்தான். போகப் போகத் தட்டு விழுந்த பிறகு ஒரு கணம் தாமதித்து வைக்கப் பழகினான். தூக்கத்திலிருந்து எழுந்தவன் பேசுவது போல இருக்கும், ஆனால் ஒரு சொல்லும் தாளத்தை விட்டு நழுவாது. குரல் பெரிய குரல் இல்லை. கரகரப்பு, கொஞ்சம் மூக்கொலி, எட்டுகிற சுரங்களும் குறைவு. அந்தக் கொஞ்ச எல்லைக்குள் எங்கே நின்றால் தன் குரல் நன்றாக ஒலிக்கும் என்பதை அவன் கண்டுபிடிக்க ஏழு ஆண்டுகள் ஆயின.

கண்டுபிடித்ததற்குச் சாட்சி 2018 ஆகஸ்ட் 3 அன்று வந்த 'ஸ்விம்மிங்'. அடுத்த சில நாட்களிலேயே அமெரிக்கப் பொது வானொலியின் டைனி டெஸ்க் நிகழ்ச்சியில் அவன் மூன்று பாட்டுகள் பாடிய காணொளியும் வெளியானது. வானொலி அலுவலகத்தில், புத்தக அடுக்குகளுக்கு முன்னால், ஒரு மேசையை ஒட்டி நின்று பாடுகிறார்கள். இரண்டாம் பாட்டுக்கு தண்டர்கேட் என்ற கலைஞர் ஆறு தந்தி பேஸ் கிட்டாரோடு வந்து சேர்கிறார். மேக்கின் தாமதிக்கும் சொற்களுக்கும் அந்த விரல்களுக்கும் நடக்கும் உரையாடலைப் பார். கடைசிப் பாட்டு '2009'. அவன் புகழுக்கு முந்தைய, பதினேழு வயதுக் காலத்தைத் திரும்பிப் பார்க்கும் பாட்டு. நான்கு பேர் வயலின் குடும்ப வாத்தியங்களில் வில்லைப் போட, பியானோ மெல்ல நடக்க, அவன் குரலை உயர்த்தாமல் எதிரில் உள்ளவர்களிடம் பேசுவது போலவே பாடி முடிக்கிறான். பத்துக்கு ஒன்று வாங்கிய பையன் இவன்தான்.

ஆல்பம் வந்து முப்பத்தைந்தாவது நாள், செப்டம்பர் 7, இறந்துபோனான். இருபத்தாறு வயது. ஃபென்டனில் என்ற கடுமையான வலிமருந்து, கோகெயின், மது மூன்றும் உடம்பில் சேர்ந்த விபத்து என்று பிரேதப் பரிசோதனை சொன்னது. வலி மாத்திரை என்ற பெயரில் ஃபென்டனில் கலந்த போலி மாத்திரைகள் அவனுக்கு விற்கப்பட்டிருந்தன. அந்த வழக்கில் 2022இல் இரண்டு பேருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது.

நான்கு நாள் கழித்து சறுக்குமரத்தடியில் அஞ்சலிக்கு மக்கள் கூடினார்கள். மகள் அப்போது வேறு ஊரில் வேலையில் இருந்தாள். தொலைபேசியில் அழுதபடி, அப்பா எனக்காக நீங்கள் போய்வாருங்கள் என்றாள். போனேன். மெழுகுவத்திகள், பூங்கொத்துகள், பள்ளிப் பிள்ளைகளின் கையெழுத்தில் கடிதங்கள். புல்வெளி நிறைய இளைஞர்கள் நின்று ஒரே குரலில் அவன் பாட்டுகளை வரி பிசகாமல் சொன்னார்கள். ஒரு பையன் கையில் கிழித்த அட்டை ஒன்றை வைத்திருந்தான். கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் மேட்டில் ஏறி, அதை அடியில் போட்டு ஒருமுறை சறுக்கி இறங்கினான். பிறகு அட்டையைப் பூக்களோடு வைத்துவிட்டுப் போனான். நான் வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

அவன் விட்டுப்போன வேலை ஒன்று பாதியில் இருந்தது. 'ஸ்விம்மிங்'குக்கு இணையாக, இரண்டும் சேர்ந்து ஒரு வட்டமாக வேண்டும் என்று அவன் பதிவு செய்துவந்த ஆல்பம் அது. கூடவே இருந்து உழைத்த ஜான் பிரையன் என்ற இசையமைப்பாளர், அவனோடு பேசிய பேச்சுகளை நினைவில் வைத்து அதை முடித்தார். 2020 ஜனவரி 17 அன்று 'சர்க்கிள்ஸ்' வந்தது. இரண்டு நாள் கழிந்தால் அவன் இருபத்தெட்டாவது பிறந்தநாள். அதில் ராப் மிகக் குறைவு. மெல்லிய டிரம்ஸ், கிட்டார் தந்தியின் சிணுங்கல், அடங்கிய குரலில் பாட்டு. பிரையன் எதையும் மெருகேற்றிப் பெரிதாக்கவில்லை. பாடகன் இல்லாத இடத்தில் தன் கைவரிசையைக் காட்டாமல் இருப்பது எவ்வளவு கடினம்! அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய மரியாதை. 2025 ஜனவரியில் 'பலூனரிசம்' என்று இன்னொன்றும் வந்தது, 'ஃபேசஸ்' காலத்தில் பதிவு செய்து வைத்திருந்தது.

இளையவனைப் பற்றிக் கவலைப்படுகிறாய் என்று உன் எழுத்திலேயே தெரிகிறது. இருண்ட பாட்டைக் கேட்கும் பிள்ளை எல்லாம் இருட்டுக்குள் போவதில்லை. ஆனாலும் கதவைத் தட்டு. அதட்டாமல் உள்ளே போய், அந்த டைனி டெஸ்க் காணொளியைப் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார். கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். எந்த ஆல்பத்தை அதிகம் கேட்கிறாய் என்று மட்டும் கேட்டுப் பார். அவன் சொல்லும் பதிலை எனக்கு எழுது. 'ஃபேசஸ்' என்று சொன்னால் கடிதத்துக்குக் காத்திராமல் தொலைபேசியில் கூப்பிடு. இங்கே நள்ளிரவாக இருந்தாலும் பரவாயில்லை, எடுப்பேன்.

நேற்று முன்தினம் ஏழாம் தேதி அல்லவா, பூங்காவுக்குப் போயிருந்தேன். முழங்கால் ஒத்துழைத்தது. சறுக்குமரத்தடியில் யாரோ சாமந்தி வைத்திருந்தார்கள். ஒரு தாய் பூக்களைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தி வைக்க, அவள் குழந்தை அட்டையோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

அம்மாவுக்கு என் நமஸ்காரம் சொல்.

உன்,
சேகர்