வெட்சியை இலை பார்த்து வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுத் தோட்டத்துக்கான நாட்டுச் செடிகள் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில் வெட்சிக்கு இடம் கொடுத்திருந்தது மகிழ்ச்சி. ஆனால் அதனுடன் வந்த படத்தில் இருப்பது வெட்சி அல்ல, சீன இட்லிப்பூ.

இரண்டும் காப்பிச் செடியின் குடும்பம், ஒரே பேரினம். இரண்டிலும் நாலிதழ்ப் பூக்கள் கொத்துக் கொத்தாக இருப்பதால் குழப்பம் வருவது இயல்புதான். கிட்டப் போய்ப் பார்த்தால் தீர்ந்துவிடும். வெட்சியின் இதழ் நுனி கூராக இருக்கும். சீன இனத்தில் மழுங்கி உருண்டிருக்கும். பூ இல்லாத நாளில் இலையைப் பாருங்கள். வெட்சி இலைக்குக் காம்பே இல்லை என்று சொல்லலாம், தண்டை ஒட்டியே உட்கார்ந்திருக்கும். மற்றதில் சிறு காம்பு தெரியும், இலையின் அடி குறுகியிருக்கும்.

வெட்சி தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. ஆநிரை கவரப் போன சங்ககால வீரர்கள் சூடிய பூ. மற்றது தென்சீனாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வளர்வது. நர்சரிகளில் இன்று நிறையக் கிடைப்பவை அதன் குள்ள ரகங்களும் கலப்பு ரகங்களும்தான். அடக்கமாக வளரும், சின்னத் தொட்டியிலேயே பூக்கும். மாடியில் நாலு தொட்டி வைப்பவர்களுக்கு அது வசதி, சரி. நாட்டுச் செடி வளர்க்கிறோம் என்று திட்டம் போட்டு நடும் இடங்களிலும் அதையே நடுவதுதான் எனக்கு வருத்தம்.

வெட்சியை அதன் போக்கில் விட்டால் ஆள் உயரப் புதராகும். பூவின் நீண்ட குழலடியில் தேன் இருப்பதால் நீள உறிஞ்சுகுழல் கொண்ட வண்ணத்துப்பூச்சிகள் தேடி வரும். பூ முடிந்ததும் சிவந்து கறுக்கும் பழத்தைச் சின்னான் குருவிகள் கொத்தும், பிள்ளைகளும் பறித்துத் தின்பார்கள். அடிக்கடி கத்தரித்து விடுகிற வேலியில் பழம் எங்கே கிடைக்கும்?

வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டுக்குமே சற்று அமிலத்தன்மையுள்ள மண் வேண்டும். சுண்ணாம்பு கலந்த கட்டட இடிபாட்டு மண்ணில் செடியால் இரும்புச்சத்தை எடுக்க முடியாது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். நோய் என்று நினைத்து மருந்தடிக்காமல் மட்கிய இலைச்சருகைத் தாராளமாகப் போடுங்கள்.

இரண்டு செடிகளின் இலையையும் பூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் வெளியிடுங்கள். அப்புறம், வெட்சி விதையிலும் வரும், குச்சியிலும் வரும். அரசு நாற்றங்கால்கள் அதை வளர்த்துக் கொடுக்க முன்வர வேண்டும் என்றும் உங்கள் பத்திரிகை எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தஞ்சாவூர்